எங்கே கட்டினாலும் ஒன்றாக வருமா? கணினிக் கேள்வி பதில்

சென்ற இதழில், நிரலையும் அதன் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் கிட் களஞ்சியத்தைப் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை அடுத்த படியைப் பற்றியே கேட்டிருந்தன. எழுதிய நிரலை ஓடும் மென்பொருளாகக் கட்டித் தரும் பில்ட் கருவிகளில் எது நல்லது, அந்த வேலையைத் தானாக நடத்தும் சிஐ அமைப்புகளில் எதைத் தேர்வது என்பவையே அந்தக் கேள்விகள். ஏழு கடிதங்களை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்த இடத்தில் ஒருவருடைய கடிதத்தோடு மற்றவற்றையும் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து பின்னலாடை நிறுவனங்களுக்கு ஆர்டர், இருப்பு, கூலிக் கணக்கு ஆகியவற்றுக்கான மென்பொருளை எழுதித் தருகிறோம். பில்ட் கருவி, சிஐ என்ற இரண்டும் ஒன்றுதானா? எங்களைப் போன்ற சிறு குழுவுக்கு இவை அவசியமா, ஐயா?
திருப்பூர் வாசகர்

பதில்: இரண்டும் வெவ்வேறு வேலைகள், இரண்டும் உங்களுக்கு அவசியம். உங்கள் ஊரில் ஒரு டி-ஷர்ட் உருவாகும் வழியை நினைத்துப் பாருங்கள். நூல் நிட்டிங்குக்குப் போய்த் துணியாகிறது. துணி சாயப்பட்டறைக்கும் காம்பாக்டிங்குக்கும் போய் வருகிறது. பிறகு கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று நகர்கிறது. எது முடிந்தால் எது தொடங்கலாம், எவற்றை ஒரே நேரத்தில் செய்யலாம், கழுத்துப் பட்டி மட்டும் மாறினால் எந்த வேலையைத் திரும்பச் செய்ய வேண்டும், எதைத் தொட வேண்டியதில்லை என்பதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு வேலை வாங்குபவரின் இடத்தில் இருப்பது பில்ட் கருவி. சிஐ எனப்படும் தொடர் ஒருங்கிணைப்போ லைனிலேயே நடக்கும் செக்கிங்கைப் போன்றது. சரக்கு முழுவதும் அட்டைப்பெட்டியில் ஏறிய பிறகு பையரின் ஆள் வந்து குறை காண்பதற்குப் பதிலாக, ஒவ்வொருவர் எழுதியதும் பொதுக் களஞ்சியத்தில் சேரும்போதே ஒரு செர்வர் அதை எடுத்து, பில்ட் கருவியைக் கொண்டு கட்டி, சோதனைகளை ஓட்டி, தவறு இருந்தால் அந்த நிமிடமே சொல்லிவிடுகிறது.

இந்த வழக்கம் 1990களின் பிற்பகுதியில் கென்ட் பெக்கும் அவருடன் இருந்தவர்களும் வகுத்த எக்ஸ்ட்ரீம் புரோகிராமிங் முறையோடு பரவியது. மார்ட்டின் ஃபௌலர் 2000இல் எழுதிய கட்டுரை அதற்குத் தெளிவான வடிவம் தந்தது; 2001இல் குரூஸ் கண்ட்ரோல் என்ற முதல் பரவலான சிஐ செர்வர் வந்தது. கருவிகள் அதன்பின் பலமுறை மாறிவிட்டன. ஒவ்வொருவரும் குறைந்தது நாளுக்கு ஒருமுறையாவது தம் வேலையைக் களஞ்சியத்தில் எல்லோரும் பகிரும் பொதுக் கிளையில் சேர்க்க வேண்டும், சேர்த்தது உடனே சோதிக்கப்பட வேண்டும் என்ற அடிப்படை மட்டும் அப்படியே இருக்கிறது. சிஐ செர்வர் வைத்துக்கொண்டு மூன்று வாரம் தனிக்கிளையிலேயே எழுதிக்கொண்டிருப்பவர்கள் தொடர் ஒருங்கிணைப்பைச் செய்யவில்லை.

பல ஆண்டுகளுக்கு முன் நான் வேலை செய்த ஓர் அலுவலகத்தில் வாடிக்கையாளருக்கு அனுப்பும் பதிப்பை எப்போதும் ஒரே ஒருவருடைய மடிக்கணினியில்தான் கட்டுவோம். அவர் தம் ஊர் மாரியம்மன் கோயில் பொங்கலுக்குப் போயிருந்த சமயத்தில் அவசரத் திருத்தம் ஒன்றை அனுப்ப வேண்டி வந்தது. மற்ற மூவரும் தத்தம் கணினியில் கட்டிப் பார்த்தோம். மூன்றிலுமே பில் அச்சிடும் பகுதி ஓடவில்லை. அவருடைய கணினியில் மட்டும் இருந்த ஒரு நூலகத்தின், அதாவது பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்தொகுப்பின், பழைய பதிப்பை நம்பித்தான் அந்தப் பகுதி அதுவரை ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. ஒரே நூலை ஒரே கணக்கில் இரண்டு சாயப்பட்டறைகளுக்குக் கொடுத்தால் ஷேட் மாறி வருவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நிரலிலும், அதைக் கணினிக்குப் புரியும் வடிவுக்கு மாற்றும் தொகுப்பியின் பதிப்பு, நூலகத்தின் பதிப்பு, இயங்குதளத்தின் அமைப்பு ஆகியவற்றில் ஒன்று மாறினாலும் அதுவே நடக்கிறது.

ஆகவே கருவியைத் தேர்வதற்கு முன்பே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக வாங்கிய கணினியில் களஞ்சியத்தை இறக்கி, ஒரே ஒரு கட்டளையை இட்டால், மென்பொருள் முழுவதும் கட்டப்பட்டுச் சோதிக்கப்பட வேண்டும். அந்தக் கட்டளைக்குத் தேவையான எல்லாமே, நூலகப் பதிப்புகளைப் பூட்டி வைக்கும் கோப்பு உட்பட, களஞ்சியத்திலேயே இருக்க வேண்டும். சிஐ அமைப்பு அந்தக் கட்டளையை அழைப்பதோடு நின்றுகொள்ள வேண்டும். இந்த இதழில் நான் சொல்லப்போகும் பதில்களில் பல இந்த விதியிலிருந்தே வருகின்றன.

கேள்வி: எங்கள் ஜாவா திட்டம் மேவனில் இருக்கிறது. கிரேடில் வேகமானது என்று சொல்லி மாற்றச் சொல்கிறார்கள். மாற்றலாமா?
பீளமேட்டு வாசகர்

பதில்: முதலில் எங்கே நேரம் போகிறது என்று அளந்து பாருங்கள். பெரும்பாலான ஜாவா திட்டங்களில் தொகுப்புக்கு ஆகும் நேரம் சிறிது. டேட்டாபேஸைத் தொடும் சோதனைகளுக்கு ஆகும் நேரமே பெரிது. அந்தச் சோதனைகள் கிரேடிலில் ஓடினாலும் அதே நேரத்தைத்தான் எடுக்கும்.

இரண்டு கருவிகளின் குணமும் அவை பிறந்த சூழலிலிருந்து வந்தவை. ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் டாம்கேட் என்ற ஜாவா வலைச் செர்வருக்காக எழுதி 2000இல் தனிக் கருவியாக வெளிவந்த ஆன்ட், எந்தப் படியை எப்படிச் செய்வது என்று ஒவ்வொன்றையும் எக்ஸ்எம்எல்லில் எழுதச் சொன்னது. அதனால் ஒவ்வொரு நிறுவனத்தின் பில்ட் கோப்பும் ஒவ்வொரு விதமாக இருந்தது. 2004இல் 1.0 பதிப்பு வந்த மேவன் இதை மாற்றியது. மூலநிரல் இந்த அடைவில்தான் இருக்கும், சோதனை இந்த அடைவில்தான் இருக்கும், தொகுப்பு, சோதனை, பொதியாக்கம் என்ற வரிசை இதுதான் என்று முதலிலேயே வகுத்துவிட்டு, தேவையான நூலகங்களையும் அந்த நூலகங்கள் கேட்கும் நூலகங்களையும் மேவன் சென்ட்ரல் என்ற பொதுக் கிடங்கிலிருந்து தானே எடுத்துவந்தது. ஒரு மேவன் திட்டத்தைத் தெரிந்தவர் எந்த மேவன் திட்டத்திலும் அரை மணி நேரத்தில் வேலையைத் தொடங்கிவிடலாம். ஆள் மாறிக்கொண்டே இருக்கும் அலுவலகங்களுக்கு இது எவ்வளவு பெரிய நன்மை என்பதை அனுபவத்தில்தான் உணர முடியும்.

மேவனின் குறை, மாறாத பகுதியை விட்டுவிடும் திறன் அதனிடம் குறைவாக இருப்பதே. அதனால்தான் எல்லோரும் ஒவ்வொரு முறையும் பழையதை அழித்துவிட்டு முழுவதையும் கட்டிப் பழகியிருக்கிறார்கள். 2012இல் 1.0 பதிப்பு வந்த கிரேடில், ஒவ்வொரு படிக்கும் உள்ளே போவது எது, வெளியே வருவது எது என்று பதிந்து வைத்து, உள்ளே போவது மாறவில்லையென்றால் அந்தப் படியைத் தொடுவதில்லை. ஒருவர் கட்டிய பகுதியை மற்றவரும் எடுத்துக்கொள்ளும் பொதுக் கேச் வசதியும் அதில் உண்டு. முப்பது நாற்பது மாட்யூல் உள்ள திட்டத்தில் இது கண்கூடாகத் தெரியும். ஐந்தாறு மாட்யூல் உள்ள திட்டத்தில் அவ்வளவாகத் தெரியாது. எதிர்ப்பக்கத்தில், கிரேடில் கோப்பு என்பது குரூவியிலோ கோட்லினிலோ எழுதப்படும் நிரல். ஒழுங்குள்ள கையில் அது நல்ல சுதந்திரம். அவசரத்தில் எழுதுபவர் கையில் சில மாதங்களிலேயே எவருக்கும் புரியாத கோப்பாகிவிடும். ஆண்ட்ராய்டு செயலி எழுதுபவர்களுக்கு இந்த விவாதமே இல்லை. 2013இல் அங்கே அறிமுகமான கிரேடில்தான் இன்று வழக்கம்.

மாற்றுவதென்று முடிவெடுத்தால் ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். ஒரே நூலகத்தின் இரண்டு பதிப்புகள் இரண்டு வழியாக உள்ளே வரும்போது, மேவன் உங்கள் திட்டத்துக்கு எது அருகிலுள்ள வழியோ அதன் பதிப்பை எடுக்கிறது. கிரேடில் எது உயர்ந்த பதிப்போ அதை எடுக்கிறது. ஒரு ஜேசன் நூலகத்தின் 2.9 பதிப்பு ஒரு படி தள்ளியும் 2.15 பதிப்பு இரண்டு படி தள்ளியும் இருந்தால், மேவனில் 2.9 வரும், கிரேடிலில் 2.15 வரும். நிரலில் ஓர் எழுத்துகூட மாற்றாமல் கருவியை மட்டும் மாற்றிய பிறகு மென்பொருள் வேறு விதமாக நடந்துகொள்வதற்கு இதுவே பெரும்பாலும் காரணம். இரண்டிலும், எந்த நூலகம் எதைக் கேட்கிறது என்று காட்டும் சார்பு மரத்தை அச்சிட்டு, பக்கம் பக்கமாக வைத்து ஒப்பிட்ட பிறகே மாற்றத்தை ஏற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் சொல்லியிருக்கும் அளவுக்கு, நான் மேவனிலேயே இருந்துவிடுவேன்.

கேள்வி: பம்பு மோட்டார் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கு சி மொழியில், பலகைக்குள்ளேயே ஓடும் ஃபர்ம்வேர் எழுதுகிறேன். மேக் என்ற பில்ட் கருவிக்கான மேக்ஃபைல் வைத்துக் கட்டுகிறேன். சில சமயம் திருத்தம் செய்தும் பலகை பழையபடியே நடக்கிறது. எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கட்டினால் சரியாகிறது. மேக்கை விட்டுவிட்டு சிமேக்குக்குப் போக வேண்டுமா?
கோவை, கணபதி வாசகர்

பதில்: நீங்கள் சொல்லும் துன்பம்தான் மேக் பிறந்ததற்கே காரணம். 1976இல் பெல் ஆய்வகத்தில் இருந்த ஸ்டூவர்ட் ஃபெல்ட்மனிடம், ஒரு சக ஊழியர் ஒரு காலைப்பொழுது முழுவதும் இல்லாத தவறைத் தேடி அலைந்ததாக வந்து சொன்னார். திருத்தம் சரியாகவே இருந்தது. திருத்திய கோப்பு மீண்டும் தொகுக்கப்படவில்லை. அதைத் தீர்க்க எழுதிய சிறு கருவி ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மேக்ஃபைலில் கட்டளை வரி டேப் எழுத்தோடுதான் தொடங்க வேண்டும் என்ற, எல்லோரையும் ஒருமுறையாவது வதைத்த விதியும் அப்போதையதே. அது தவறு என்று தெரிந்தபோது தமக்குச் சுமார் பன்னிரண்டு பயனர்கள் இருந்தார்கள், அவர்களைத் தொந்தரவு செய்ய விரும்பாமல் அப்படியே விட்டுவிட்டேன் என்று ஃபெல்ட்மனே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

மேக்கின் தர்க்கம் எளியது. விளைவுக் கோப்பைவிட மூலக் கோப்பு பின்னால் மாற்றப்பட்டிருந்தால் மீண்டும் கட்டு, இல்லையென்றால் விட்டுவிடு. எந்த விளைவுக்கு எது மூலம் என்பதை நீங்கள் சொன்னால்தான் அதற்குத் தெரியும். உங்கள் மேக்ஃபைலில் சி கோப்புகளை மட்டும் எழுதி, பல சி கோப்புகள் பகிரும் வரையறைகள் உள்ள ஹெடர் கோப்புகளை விட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஹெடரில் உள்ள, தரவுகளை வரிசையாக அடுக்கி வைக்கும் ஒரு ஸ்ட்ரக்சரில் வெப்பநிலைக்கு முன்னால் புதிதாக ஒரு புலத்தைச் சேர்த்தீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அன்று திருத்திய சி கோப்பு மட்டும் புதிய அமைப்போடு தொகுக்கப்படும். மற்றவை பழைய அமைப்போடு அப்படியே இருக்கும். இரண்டும் இணைந்து ஓடும்போது ஒரு பகுதி வெப்பநிலை என்று நினைத்து வேறெதையோ படிக்கும். மோட்டாரை நிறுத்த வேண்டிய நேரத்தில் நிறுத்தாமல் விடக்கூடிய தவறு இது. இதற்கு மருந்து மேக்கிலேயே இருக்கிறது. எந்த சி கோப்பு எந்த ஹெடரை இழுக்கிறது என்ற பட்டியலை ஜிசிசி தொகுப்பியே தொகுக்கும்போது தனிக் கோப்பாக எழுதித் தரும். அதற்குரிய விருப்பத்தைக் கொடுத்து, அந்தக் கோப்புகளை மேக்ஃபைலில் இணைத்துவிட்டால் போதும். தொகுப்பிக்குத் தரும் விருப்பங்கள் மாறினால் மேக் அதையும் கவனிக்காது என்பதால், மேக்ஃபைலையே ஒரு மூலமாகச் சேர்த்துவிடுங்கள்.

சிமேக் நேரடியாக எதையும் கட்டுவதில்லை. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் ஒரு மருத்துவப் படிமத் திட்டத்துக்காகக் கிட்வேர் நிறுவனம் 2000 வாக்கில் உருவாக்கிய அது, ஒரே விவரிப்பிலிருந்து மேக்ஃபைலையோ நிஞ்சா கோப்பையோ விஷுவல் ஸ்டூடியோ திட்டத்தையோ எழுதித் தருகிறது. குரோம் உலாவியில் வேலை செய்த எவன் மார்ட்டின் எழுதிய நிஞ்சா, மனிதர் கையால் எழுதுவதற்கன்று. இப்படி மற்றொரு கருவி எழுதிக் கொடுத்ததை மிக வேகமாக நடத்துவதற்கு. ஹெடர் பட்டியலையும் அது கையாளும், கட்டளை மாறினாலும் அது கவனிக்கும். பலகைக்காக ஒருமுறையும், கணினியிலேயே சோதிப்பதற்காக மற்றொருமுறையும் அதே நிரலைக் கட்ட வேண்டிய கட்டம் வரும்போது சிமேக்கும் நிஞ்சாவும் சேர்ந்த அமைப்புக்குப் போங்கள். அதுவரை திருத்திய மேக்ஃபைல் போதும். ஆனால் தொகுப்பியின் பதிப்பை இன்றே, மென்பொருளை அதன் சூழலோடு அடைத்து வைக்கும் ஒரு டாக்கர் படிமத்தில் பூட்டி வையுங்கள். வயலில் ஐந்தாண்டு ஓடப்போகும் பம்புக்கு, ஐந்தாண்டு கழித்தும் அதே ஃபர்ம்வேரைக் கட்ட முடிய வேண்டும்.

கேள்வி: கூகுள் பயன்படுத்தும் பேஸல்தான் எதிர்காலம் என்கிறார்கள். கல்லூரியின் இறுதியாண்டுத் திட்டத்தில் அதைப் பயன்படுத்தலாமா?
பெருந்துறை மாணவர்

பதில்: படியுங்கள், திட்டத்தில் பயன்படுத்த வேண்டாம். கூகுள் உள்ளே பிளேஸ் என்ற பெயரில் இருந்த கருவி 2015இல் பேஸலாக வெளிவந்தது. அது நேரத்தைப் பார்ப்பதில்லை, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட, கைரேகை போன்ற ஹாஷைப் பார்க்கிறது; ஒவ்வொரு படியையும் அடைத்த அறையில் நடத்துவதால், நீங்கள் சொல்லாத கோப்பை அந்தப் படியால் தொடவே முடிவதில்லை. இந்த இரண்டு கருத்துகளும் அருமையானவை; அவற்றைப் புரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கருவிகளின் குறையும் உங்களுக்கு விளங்கும். ஆனால் ஒவ்வொரு அடைவுக்கும் பில்ட் கோப்பை எழுதிப் பராமரிக்கத் தனி ஆட்கள் வேண்டும். பல செர்வர்களில் ஓடும் மென்பொருளை நிர்வகிக்கும் குபர்நெட்டீஸ் போன்ற பெரிய திட்டமே சில ஆண்டுகள் பேஸலோடு இருந்துவிட்டு, 2021 வாக்கில் அதைக் கழற்றிவிட்டு கோ மொழியின் சொந்தக் கருவிகளோடு நின்றுகொண்டது.

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் எட்டு ஆண்டுகளாக ஜென்கின்ஸ் என்ற சிஐ செர்வர் ஓடுகிறது. அதை அமைத்தவர் போய்விட்டார்; தொடவே பயமாக இருக்கிறது. கிட்ஹப் ஆக்ஷன்ஸுக்கு மாறலாம் என்று சிலரும், கிட்லேப் போதும் என்று சிலரும் சொல்கிறார்கள். எது நல்லது?
சரவணம்பட்டி வாசகர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது, ஆனால் அதற்குக் காரணம் ஜென்கின்ஸ் மட்டுமன்று. சன் மைக்ரோசிஸ்டம்ஸில் இருந்த கோசுகே கவாகுச்சி, தாம் சேர்க்கும் நிரலால் பில்ட் உடைந்து சக ஊழியர்களின் கோபத்துக்கு ஆளாவதிலிருந்து தப்பிக்க எழுதிய ஹட்சன்தான் அதன் முதல் வடிவம். சன்னை ஆரக்கிள் வாங்கிய பின் பெயருரிமையில் எழுந்த தகராறால் 2011இல் அது ஜென்கின்ஸ் என்ற பெயரை எடுத்தது. இலவசம், உங்கள் செர்வரிலேயே ஓடும், கூடுதல் வசதி தரும் பிளகின்கள் 1,800க்கு மேல் இருப்பதால் எதோடும் இணையும். அந்தப் பிளகின்களே அதன் பாரமும். ஒன்றைப் புதுப்பித்தால் மற்றொன்று நிற்கும். நிற்குமே என்று புதுப்பிக்காமல் விட்டால் பாதுகாப்பு ஓட்டைகள் திறந்தே இருக்கும். 2024 ஜனவரியில், உள்நுழையாமலேயே செர்வரின் கோப்புகளைப் படிக்க இடம் தந்த ஒரு கடுமையான ஓட்டை ஜென்கின்ஸில் வெளிப்பட்டது. அன்று புதுப்பிக்காத ஜென்கின்ஸ் இன்னும் உங்கள் அலுவலகத்தில் ஓடுகிறது என்றால், இந்தப் பத்தியை முடித்தவுடன் அதை இணையத்திலிருந்து துண்டித்துவிட்டுப் பிறகு மேலே படியுங்கள்.

2019 நவம்பரில் எல்லோருக்கும் திறக்கப்பட்ட கிட்ஹப் ஆக்ஷன்ஸில் செர்வரைப் பராமரிக்கும் வேலை இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று விவரிக்கும் ஒரு யாமல் கோப்பைக் களஞ்சியத்தில் வைத்தால் போதும்; வெளிப்படையான களஞ்சியங்களுக்குக் கட்டணமும் இல்லை. தனிக் களஞ்சியங்களுக்கு இலவசத் திட்டத்தில் மாதம் 2,000 நிமிடம் தருகிறார்கள். இது போதுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர், ஆளுக்கு நாளில் ஐந்து முறை சேர்க்கிறார்கள், ஒவ்வொரு முறையும் எட்டு நிமிடம், மாதம் 22 வேலை நாள் என்றால் 3,520 நிமிடம். அதே பில்டை நான்கு நிமிடமாகக் குறைத்தால் 1,760. ஒவ்வொரு வேலையின் நேரமும் அடுத்த முழு நிமிடத்துக்கு ஏற்றிக் கணக்கிடப்படுவதால், இருபது நொடி வேலைகள் பத்தாகப் பிரித்து வைத்திருப்பவர்கள் பத்து நிமிடத்தை இழக்கிறார்கள். நிரல் தம் வளாகத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்று ஒப்பந்தம் செய்திருக்கும் நிறுவனங்களுக்கு, களஞ்சியமும் சிஐயும் ஒன்றாக இருக்கும் கிட்லேப்பைச் சொந்தச் செர்வரில் நிறுவுவதே என் பரிந்துரை. நினைவகம் நிறையக் கேட்கும் என்பதைத் தவிர அதில் பெரிய குறை இல்லை. ஜென்கின்ஸ் போலப் பிளகின்களை ஒட்டவைத்து நிர்வகிக்க வேண்டியதும் இல்லை. மேலே கேட்ட கணபதிப் பகுதி நண்பரைப் போல உண்மையான பலகையை இணைத்துச் சோதிக்க வேண்டியவர்களுக்கு, ஆக்ஷன்ஸ், கிட்லேப் இரண்டிலுமே, சிஐ வேலைகளை ஓட்டும் கணினியான ரன்னரைச் சொந்தமாகப் பட்டறையில் வைத்துக்கொள்ளும் வழி உண்டு. அந்தக் கணினிக்கு யுபிஎஸ் வையுங்கள். வெளியார் எவரும் மாற்றம் அனுப்பக்கூடிய திறந்த களஞ்சியத்தோடு மட்டும் சொந்த ரன்னரை இணைக்காதீர்கள். முன்பின் தெரியாதவர் எழுதிய நிரல் உங்கள் அலுவலக வலையமைப்புக்குள் ஓடும்.

உங்களுக்கு நான் சொல்வது, மாற்றும் வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஜென்கின்ஸின் திரையில் பெட்டி பெட்டியாக நிரப்பி வைத்திருக்கும் கட்டளைகளை எடுத்து, களஞ்சியத்தில் ஒரு ஸ்கிரிப்டாக எழுதி, ஜென்கின்ஸ் அந்த ஸ்கிரிப்டை மட்டும் அழைக்குமாறு முதலில் செய்யுங்கள். இதற்கு இரண்டு மூன்று வாரம் ஆகலாம். போனவருக்கு மட்டுமே தெரிந்திருந்த விஷயங்கள் எல்லாம் இப்போதுதான் வெளியே வரும். அது நிலைத்த பிறகு எந்த அமைப்புக்கு மாறுவதும் ஒரு பக்க யாமல் கோப்பு எழுதும் வேலைதான். திறந்தமூலத் திட்டங்களுக்குப் பல ஆண்டுகள் இலவசமாக ஓடிய டிராவிஸ் சிஐ 2020 இறுதியில் கட்டண முறையை மாற்றியபோது, இப்படி எழுதி வைத்திருந்த திட்டங்கள் எளிதாக இடம் மாறின; எல்லாவற்றையும் டிராவிஸின் கோப்பிலேயே எழுதியிருந்தவை தடுமாறின.

கேள்வி: லாரி டிரிப் கணக்கு மென்பொருளுக்கான சோதனைகள் பகலில் எல்லாம் சரியாக ஓடுகின்றன. இரவு இரண்டு மணிக்குத் தானாக ஓடும் பில்டில் மட்டும் சில தவறுகின்றன. காலையில் மீண்டும் ஓட்டினால் சரியாகிவிடுவதால் விட்டுவிட்டோம். இது சிஐ அமைப்பின் கோளாறா?
நாமக்கல் வாசகர்

பதில்: கோளாறு சோதனையிலோ மென்பொருளிலோ இருக்கிறது. சிஐ செர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடும். நமக்கு அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால். நம் நேரம் நள்ளிரவு 12 முதல் காலை 5.30 வரை அந்தச் செர்வருக்கு இன்னும் முந்தைய தேதிதான். டிரிப் தேதியை இந்திய நேரத்தில் எதிர்பார்த்து, இன்றைய தேதி என்று செர்வரைக் கேட்கும் சோதனை பகலில் ஓடும், இரவில் தவறும். அதே தவறு உங்கள் மென்பொருளிலும் இருந்தால், ஏப்ரல் 1 அதிகாலையில் புறப்பட்ட லாரியின் டிரிப் சென்ற நிதியாண்டில் போய் விழும். ஆகவே அந்தச் சிவப்பு விளக்கு உங்களுக்கு நன்மை செய்திருக்கிறது. கடிகாரத்தை நேரடியாகக் கேட்காமல், நேரத்தை வெளியிலிருந்து கொடுக்கும்படி நிரலைத் திருத்தி, இரவு 2 மணி, ஏப்ரல் 1 ஆகியவற்றைத் தனிச் சோதனைகளாக எழுதுங்கள். மீண்டும் ஓட்டினால் சரியாகிவிடும் என்று விடும் பழக்கம் ஒரு குழுவில் புகுந்துவிட்டால், உண்மையான தவறு வரும்போதும் எவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

நம் கணினியில் ஓடி, சிஐயில் தவறுவதற்கு இன்னும் இரண்டு காரணங்கள் அடிக்கடி வருகின்றன. விண்டோஸில் கோப்புப் பெயரின் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒன்றே, லினக்ஸில் வெவ்வேறு. மற்றொன்று தமிழில் எழுதும் நமக்கே உரியது. கொங்கு என்ற சொல்லின் முதலெழுத்தை யூனிகோடில் இரண்டு வகையில் சேமிக்கலாம். ஒகர உயிர்மெய்க் குறியை ஒரே குறியீடாக வைப்பது ஒன்று. ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடாக வைப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றாகவே தெரியும், கணினிக்கு இரண்டும் வேறு. ஆப்பிள் நிறுவனத்தின் பழைய மேக் கணினிகளின் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. ஊர்ப் பெயர்களைத் தமிழில் ஒப்பிடும் சோதனைகள் உங்களிடம் இருந்தால், இரண்டு பக்கத்தையும் ஒரே யூனிகோடு வடிவத்துக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள்.

கேள்வி: வீட்டிலிருந்தே வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்கிறேன். கட்டுவது முதல் நிறுவுவது வரை தானாக நடத்தும் சிஐ பைப்லைனில் செர்வர் கடவுச்சொற்களை வைக்க வேண்டியிருக்கிறது. கிட்ஹப் ஆக்ஷன்ஸில் அழைத்துக்கொள்ளப் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்களான ஆக்ஷன்களையும் பயன்படுத்துகிறேன். இது ஆபத்தா?
பொள்ளாச்சி வாசகர்

பதில்: ஆபத்துதான், அளவோடு வைத்துக்கொள்ளலாம். பில்ட் செர்வரிடம் நிரலும் இருக்கிறது, சாவியும் இருக்கிறது. ஆகவே தாக்குபவர்கள் இப்போது அதைத்தான் தேடி வருகிறார்கள். வலையமைப்பு மேலாண்மை மென்பொருள் நிறுவனமான சோலார்விண்ட்ஸ் மீது நடந்து 2020இல் வெளிப்பட்ட தாக்குதலில், தொகுப்பு நடந்துகொண்டிருந்த வேளையிலேயே ஒரு மூலக்கோப்பு மாற்றி வைக்கப்பட்டது. களஞ்சியத்தைப் பார்த்த எவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்இசட் கருவியில் 2024 மார்ச்சில் வெளிப்பட்ட விவகாரத்திலும் நச்சு பில்ட் ஸ்கிரிப்டுக்குள்தான் இருந்தது. கிட் களஞ்சியத்தில் இல்லாத ஒரு வரி, வெளியிடப்பட்ட 5.6.0, 5.6.1 பதிப்புகளின் பொதிக்குள் இருந்தது. தொலைவிலுள்ள கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்து விடாமல் துருவிய ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்டால்தான் அது பிடிபட்டது.

உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்துவது 2025 மார்ச்சில் நடந்தது. 23,000க்கும் மேற்பட்ட களஞ்சியங்கள் பயன்படுத்திய, மாறிய கோப்புகளைப் பட்டியலிடும் ஓர் ஆக்ஷனை எவரோ கைப்பற்றி, அதன் பதிப்புப் பெயர்கள் அனைத்தையும் தீய நிரலைச் சுட்டுமாறு மாற்றினார்கள். அதை அழைத்த பைப்லைன்களின் இரகசியங்கள் லாகில் அச்சாயின. பதிப்புப் பெயரை எழுதி அழைத்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். அந்த ஆக்ஷனின் முந்தைய கமிட்டை, அதாவது களஞ்சியத்தில் முன்பு பதிந்த நிலையை, 40 இலக்க ஹாஷால் சுட்டியிருந்தவர்களை அது தொடவில்லை, ஏனெனில் பெயரை வேறிடத்துக்கு நகர்த்தலாம், ஹாஷை நகர்த்த முடியாது. நீங்கள் பயன்படுத்தும் பிறரது ஆக்ஷன்கள் ஒவ்வொன்றையும் இன்றே ஹாஷுக்கு மாற்றுங்கள். ஐந்து வரி ஸ்கிரிப்டில் முடியும் வேலைக்கு ஆக்ஷனை அழைக்கவே வேண்டாம். பைப்லைன் களஞ்சியத்தை அணுகப் பயன்படுத்தும் சாவியான டோக்கனுக்குப் படிக்கும் உரிமையை மட்டும் முதலில் தந்து, எழுதும் உரிமையைத் தேவைப்படும் ஒரே வேலைக்கு மட்டும் கொடுங்கள். சோதனைக்கு ஒரு சாவி, நிறுவலுக்கு ஒரு சாவி, வாடிக்கையாளருக்கு ஒரு சாவி என்று பிரித்து வைத்து, எந்தச் சாவி எங்கே இருக்கிறது என்று பைப்லைனுக்கு வெளியே ஒரு பட்டியலும் வைத்திருங்கள். 2023 ஜனவரியில் சர்க்கிள்சிஐ என்ற சிஐ சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளர்கள் அனைவரையும் எல்லாச் சாவிகளையும் மாற்றச் சொன்னபோது, அந்தப் பட்டியல் வைத்திருந்தவர்களின் வேலை அன்று மாலையே முடிந்திருக்கும்.